எங்கே படுப்பது, எங்கே சாப்பிடுவது? கேள்வி கேட்ட குடும்பங்களின் வரலாறு

டிசம்பர் விடுமுறை நெருங்கும்போது எங்கள் ஆசிரியர் அறையில் பரீட்சைத் தாள்களோடு பயணக் கதைகளும் வந்து சேரும். இம்முறை வந்தது கொஞ்சம் தூரத்துக் கதை. எங்களோடு படிப்பிக்கும் ஒருவரின் தங்கை குடும்பம் கனடாவில் இருக்கிறது. தங்கை, மச்சான், மூன்று பிள்ளைகள், இங்கிருந்து போயிருக்கும் உம்மா என ஆறு பேர் புளோரிடாவிலுள்ள டிஸ்னி வேர்ல்டுக்குப் போக ஆயத்தமாகிறார்கள். மச்சான் வானிலேயே ஓட்டிக்கொண்டு போகிறாராம். டிக்கட் விலை தெரிந்துவிட்டது. முடிவாகாமல் நிற்பது இரண்டு விடயங்கள்தான். டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்குவதா, வெளியே மலிவாகத் தங்குவதா? சாப்பாட்டுக்கு முன்கூட்டியே காசு கட்டுவதா, அன்றன்று பார்த்துக்கொள்வதா?

"சேர், நீங்க வரலாறு படிப்பிக்கிறீங்கதானே, இதுக்கு வரலாற்றில ஏதும் இருக்கா?" என்று பகிடியாகக் கேட்டார். இருக்கிறது. அதுவும் நிறைய இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையோடு வாசியுங்கள்.

முதலில் ஒரு கோழிச் சாப்பாட்டிலிருந்து தொடங்குவோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் புவனா பார்க் என்றொரு ஊர். அங்கே வோல்டர் நொட், கோர்டிலியா நொட் என்ற கணவன் மனைவி பழத்தோட்டம் வைத்திருந்தார்கள். உலகப் பொருளாதாரம் படுத்துக்கிடந்த காலம். 1934இல் கோர்டிலியா தன் கல்யாணத்துக்குக் கிடைத்த பீங்கான் தட்டுகளை எடுத்து வைத்து, பொரித்த கோழிச் சாப்பாடு பரிமாறத் தொடங்கினார். விலை 65 சதம். முதல் நாள் சாப்பிட்டவர்கள் எட்டுப் பேர். சில வருடங்களில் கதை மாறிவிட்டது. சாப்பிட வந்த குடும்பங்கள் மணித்தியாலக் கணக்கில் வரிசையில் நின்றன. நிற்கிற பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அவர்களுக்கு வேடிக்கை காட்ட 1940இல் வோல்டர் நொட் பழைய காலத்து ஊரொன்றைப் போலக் கட்டடங்களை எழுப்பத் தொடங்கினார். அதுதான் இன்றைய 'நொட்ஸ் பெரி ஃபார்ம்' என்ற பெரிய பூங்கா.

நாம் நினைப்பது என்ன? பூங்கா முதலில், சாப்பாட்டுக் கடை பிறகு என்று. அங்கே சாப்பாட்டு வரிசைதான் பூங்காவைப் பெற்றது. பசித்த பிள்ளையோடு காத்திருக்கும் தாய் தகப்பன்தான் இந்தத் தொழிலின் முதல் வாடிக்கையாளர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் படுக்கைக்கு வருவோம்.

1951ஆம் ஆண்டு. மெம்பிஸ் நகரத்து வீடு கட்டும் தொழிலதிபர் கெமன்ஸ் வில்சன், மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வொஷிங்டனுக்குச் சுற்றுலா போனார். அப்போது வீதியோரத்தில் மோட்டல் எனப்படும் சிறு விடுதிகள்தான் இருந்தன. ஒன்று சுத்தமாக இருந்தால் இன்னொன்று அழுக்கு. அதைவிட அவரைக் கோபப்படுத்தியது கணக்குச் சீட்டு. தாய் தகப்பனோடு ஒரே அறையில் படுக்கும் பிள்ளைகளுக்கும் தலைக்கு 2 டொலர் கூட்டிப் போட்டார்கள். ஐந்து பிள்ளைகளுக்கு 10 டொலர், அதுவும் ஒவ்வோர் இரவும். அறையின் வாடகையைவிடப் பிள்ளைகளின் காசு கூடிப்போனது.

வீட்டுக்குத் திரும்பிய வில்சன் முறைப்பாட்டோடு நிற்கவில்லை. அடுத்த வருடமே, 1952இல், மெம்பிஸில் தன் முதலாவது 'ஹொலிடே இன்' விடுதியைத் திறந்தார். பெற்றோரோடு தங்கும் பிள்ளைகளுக்குக் காசில்லை. நீச்சல் தடாகம் உண்டு, குளிரூட்டி உண்டு, அங்கேயே சாப்பாடு உண்டு. இன்று உலகம் முழுக்க விடுதிப் பதிவுகளில் 'பிள்ளைகளுக்கு இலவசம்' என்று நாம் பார்க்கும் வரியைப் பரவலாக்கியது அந்தத் தகப்பனின் கோபம்தான்.

ஆனால் நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும் பகுதி ஒன்று இருக்கிறது.

வில்சனுக்கு வந்த பிரச்சினை விலை. அதே வீதிகளில் அதே வருடங்களில் பயணம் போன கறுப்பினக் குடும்பங்களுக்கு விலையைப் பற்றிப் பேசவே இடம் கிடைக்கவில்லை. காசு கையில் இருந்தும் அறை இல்லை, மேசை இல்லை, சில இடங்களில் கழிவறைகூட இல்லை. அவர்களுக்காக நியூயோர்க்கைச் சேர்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936 முதல் ஒரு கைநூல் வெளியிட்டு வந்தார். 'பச்சைப் புத்தகம்' என்று அதைச் சொல்வார்கள். எந்த ஊரில் எந்த விடுதி உங்களை ஏற்கும், எந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிடலாம், எங்கே பெற்றோல் அடிக்கலாம் என்ற பட்டியல். விடுதி இல்லாத ஊர்களில் தங்கள் வீட்டில் இடம் தரும் ஆட்களின் முகவரிகளும் அதில் இருந்தன. நாம் இன்று கையடக்கத் தொலைபேசியில் நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டு விடுதி தேடுகிறோம். அவர்கள் மரியாதையோடு உறங்க ஓர் இடம் தேடினார்கள்.

1963 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் பேர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதம் பிரசித்தமானது. அதில் இரண்டு விடயங்கள் எங்கள் தலைப்புக்குள்ளேயே வருகின்றன. ஒன்று, தொலைக்காட்சி விளம்பரத்தில் பார்த்த 'ஃபன்டவுன்' என்ற பூங்காவுக்குப் போக ஆசைப்பட்ட ஆறு வயது மகளிடம், அது கறுப்பினப் பிள்ளைகளுக்கு மூடப்பட்ட இடம் என்று சொல்ல நேரும் தகப்பனின் நிலை. மற்றது, எந்த மோட்டலும் ஏற்காததால் இரவுக்கு இரவு காருக்குள்ளேயே முடங்கிப் படுக்க நேரும் பயணியின் நிலை. பூங்காவும் படுக்கையும். ஒரு தகப்பனுக்கு வலித்த இடங்களாக அவர் எழுதியவற்றில் இவை இரண்டும் இருந்தன.

அதே வருடம் பால்டிமோர் நகரத்துக்கு அருகே குவின் ஓக் என்ற பூங்காவின் வாசலில் போராட்டங்கள் நடந்தன. ஜூலை 4ஆம் திகதி மதகுருமார் உட்பட நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். ஓகஸ்ட் 28ஆம் திகதி பூங்கா எல்லோருக்கும் திறக்கப்பட்டது. கிங் வொஷிங்டனில் தன் புகழ்பெற்ற உரையை நிகழ்த்திய அதே நாள் அது. அன்று ஒரு வயதுகூட நிரம்பாத கறுப்பினப் பெண் குழந்தை ஒன்று அங்கே குதிரை ராட்டினத்தில் ஏறியது. அந்த ராட்டினம் பிற்காலத்தில் வொஷிங்டனின் தேசியத் திடலுக்குக் கொண்டுபோகப்பட்டது.

1964 ஜூலையில் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. ஹோட்டல், உணவகம், பொழுதுபோக்கு இடங்களில் இனம், நிறம், மதம், பிறந்த நாடு பார்த்து ஆளைத் திருப்பி அனுப்பக்கூடாது என்றது சட்டம். உடனே வழக்குப் போட்டார்கள். அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட மோட்டல் ஒன்று. பேர்மிங்ஹாமில் ஓலீஸ் என்ற இறைச்சிச் சாப்பாட்டுக் கடை ஒன்று. அந்தக் கடையில் கறுப்பின மக்கள் பார்சல் எடுக்கலாம், உள்ளே உட்கார்ந்து சாப்பிட முடியாது. 1964 டிசம்பர் 14ஆம் திகதி, ஒரே நாளில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்கிலும் சட்டத்தின் பக்கம் நின்றது. ஒரு தீர்ப்பு படுக்கைக்கு, ஒரு தீர்ப்பு சாப்பாட்டு மேசைக்கு.

ஆகவே இன்று ஒரு குடும்பம் உட்கார்ந்து "எந்த ஹோட்டல், எந்தச் சாப்பாடு" என்று தெரிவு செய்வது சும்மா வந்த வசதி அல்ல. அந்தச் சட்டத்தில் நிறத்தோடு மதமும் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். தலையை மூடிய உம்மாவோடு புளோரிடாவில் ஒரு விடுதிக்குள் நுழையும் எங்கள் மச்சானுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.

இனி டிஸ்னிக்கு வருவோம்.

1955 ஜூலை 17ஆம் திகதி கலிபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டது. தோடம்பழத் தோட்டங்களாக இருந்த சுமார் 160 ஏக்கர் நிலம், சுமார் 17 மில்லியன் டொலர் செலவு. திறப்பு நாளில் கடும் வெயில். குழாய் பொருத்துநர்களின் வேலைநிறுத்தத்தால் கழிவறையா, குடிநீர்க் குழாயா என்று ஒன்றைத் தெரிவு செய்யவேண்டி வந்தது. வோல்ட் டிஸ்னி கழிவறையைத் தெரிவு செய்தார். குளிர்பானம் விற்பதற்காகத்தான் தண்ணீரை நிறுத்தினார்கள் என்று வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். பூங்கா தொடங்கிய முதல் நாளிலேயே "இவர்கள் எங்கள் தாகத்திலும் காசு பார்க்கிறார்களா?" என்ற கேள்வி எழுந்துவிட்டது!

பூங்கா கட்டிய டிஸ்னிக்கு ஹோட்டல் கட்டக் காசு இல்லை. தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஜக் ராதரிடம் கேட்டார். அவர் எதிர்ப்பக்கத்தில் டிஸ்னிலாண்ட் ஹோட்டலை 1955 ஒக்டோபரில் திறந்தார். பெயர் டிஸ்னியுடையது, இலாபம் ராதருடையது. அந்த ஹோட்டலை டிஸ்னி நிறுவனம் தனதாக்கிக்கொள்ள 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கிடையில் பூங்காவை ஒட்டிய ஹாபர் பூலவார்ட் வீதியில் மோட்டல்களும் சாப்பாட்டுக் கடைகளும் வரிசையாக முளைத்துவிட்டன. பூங்காவுக்குள் பகல் முழுக்கச் சிரித்த குடும்பம், இரவானதும் காசை வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டுத் தூங்கியது. வோல்ட் டிஸ்னிக்கு இது பெரிய ஆதங்கம்.

அந்த ஆதங்கத்தில் பிறந்ததுதான் புளோரிடாத் திட்டம். 1960களின் நடுப்பகுதியில் வேறு வேறு கம்பனிப் பெயர்களில் இரகசியமாகக் காணி வாங்கினார்கள். மொத்தம் 27,000 ஏக்கருக்கு மேல். மன்ஹாட்டன் தீவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1966இல் வோல்ட் டிஸ்னி இறந்துவிட்டார். 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி டிஸ்னி வேர்ல்ட் திறக்கப்பட்டபோது, அதோடு சேர்ந்தே கொன்டெம்பரரி, பொலினீசியன் என்ற இரண்டு சொந்த ஹோட்டல்களும் திறக்கப்பட்டன. கொன்டெம்பரரி ஹோட்டலின் வயிற்றுக்குள்ளால் மொனோரெயில் ஓடியது. அடுத்த மாதமே கூடாரம் போட்டுத் தங்கும் இடமும் திறந்தது. இம்முறை குடும்பம் தூங்கும்போதும் காசு அவர்களுடைய எல்லைக்குள்ளேயே நின்றது.

இந்த இரண்டு ஊர்களின் வித்தியாசம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அனஹைமில் டிஸ்னிக்கு நிலம் போதாமல் போனதால், இன்றும் வெளி விடுதிகள் பலவற்றிலிருந்து பூங்கா வாசலுக்கு நடந்தே போகலாம். முதலாளி வருந்திய குறை, சிறு வருமானக் குடும்பத்துக்கு நன்மையாகிவிட்டது. புளோரிடாவில் அப்படி இல்லை. வெளியே தங்கினால் வாகனம் வேண்டும், நாளுக்கு நாள் தரிப்பிடக் காசு வேண்டும், நேரம் வேண்டும். ஆகவே "வெளியே தங்கினால் மலிவு" என்ற ஒரே வாக்கியம் இரண்டு ஊருக்கும் பொருந்தாது.

முதலில் கட்டிய ஹோட்டல்களின் விலை எல்லோருக்கும் எட்டவில்லை. 1988இல் கரிபியன் பீச் என்ற நடுத்தர விலை விடுதி வந்தது. 1994இல் ஓல்-ஸ்டார் என்ற மலிவு விலை விடுதிகள் வந்தன. சாதாரணக் குடும்பத்துக்கு டிஸ்னியின் எல்லைக்குள் ஓர் அறை எட்ட 23 வருடங்கள் எடுத்தன. அந்த அறைகளும் நான்கு பேருக்கு அளவானவை. அமெரிக்கக் குடும்பம் என்றால் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்ற கணக்கு. உம்மாவையும் மூன்றாவது பிள்ளையையும் அந்தக் கணக்கில் எங்கே போடுவது? பிறகுதான் ஆறு பேர் தங்கும் குடும்ப அறைத்தொகுதிகள் வந்தன. 2012இல் திறந்த 'ஆர்ட் ஒஃப் அனிமேஷன்' விடுதியில் அவை இருக்கின்றன, விலையும் அதற்கேற்றபடி இருக்கிறது.

சாப்பாடும் அதே பாதையில் போனது. 1967இல் டிஸ்னிலாண்டில் 'புளூ பையூ' உணவகம் திறந்தது. உள்ளே எந்நேரமும் செயற்கை இரவு. பக்கத்தில் சவாரிப் படகுகள் மிதந்து போகும். சாப்பாடே ஒரு காட்சியானது. காட்சிக்கும் சேர்த்துத்தான் விலை. 2005இல் புளோரிடாவில் முன்கூட்டியே காசு கட்டும் சாப்பாட்டுத் திட்டம் வந்தது. அதே வருடம் விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு இலவச பஸ்ஸும் வந்தது. இலவசம் என்றதும் நாம் சந்தோசப்படுவோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். வாகனம் இல்லாத குடும்பம் வெளியே போய்ச் சாப்பிட முடியுமா? பஸ் இலவசம், பசி அவர்களுடைய வாடிக்கை. அந்த இலவச பஸ் 2022 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. 2020இல் நின்ற சாப்பாட்டுத் திட்டம் 2024இல் திரும்பி வந்தது. எது நின்றது, எது வந்தது என்பதைப் பார்த்தாலே எதில் இலாபம் என்று விளங்கும்.

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் வென்றதா என்றால், இல்லை. 1992 ஏப்ரலில் பாரிஸுக்குக் கிழக்கே யூரோ டிஸ்னி திறந்தது. புளோரிடாவின் வெற்றியை நம்பித் தொடக்கத்திலேயே ஆறு ஹோட்டல்களில் ஏறக்குறைய 5,200 அறைகள். ஆனால் வாசலிலேயே ரயில் நிலையம். ஐரோப்பியக் குடும்பங்கள் காலையில் ரயிலில் வந்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டு, மாலையில் திரும்பிப் போயின. ஹோட்டலில் தங்கியவர்களுக்கோ காலைச் சாப்பாட்டு மேசை போதவில்லை. ஐரோப்பியர் காலையில் பெரிதாகச் சாப்பிடமாட்டார்கள் என்று கணித்துச் சிறிய உணவகங்களைக் கட்டியிருந்தார்கள். முதற் குளிர்காலத்திலேயே ஒரு ஹோட்டலைத் தற்காலிகமாக மூடினார்கள். கடன் கழுத்தை நெரித்தது. 1994இல் சவூதி இளவரசர் அல்வலீத் பின் தலால் பெரும் பங்கொன்றை வாங்கிக் கைகொடுத்தார். வான் பிடித்து நுவரெலியா போகும்போது சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போகும் எங்கள் ஆட்களைப் பார்த்துச் சிலர் சிரிப்பதுண்டு. அதே பழக்கம் ஒரு பெரிய கம்பனியின் கணக்கைப் புரட்டியிருக்கிறது.

சரி, மச்சான் குடும்பத்துக்கு நாம் சொன்னது என்ன?

ஒன்று, படுக்கையை ஆள் எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். நான்கு பேருக்கான அறைகள் இரண்டு எடுப்பதா, குடும்ப அறைத்தொகுதியா, அல்லது பக்கத்திலுள்ள கிசிமி நகரில் சமையலறையோடு வாடகை வீடா என்று மூன்று விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தரிப்பிடக் காசையும் அதில் சேருங்கள்.

இரண்டு, வயதானவரும் சின்னப் பிள்ளையும் மத்தியானம் கண்ணயர எங்கே போவார்கள் என்று கேளுங்கள். உள்ளே தங்குவதன் உண்மையான பெறுமதி அதுதான். மத்தியானம் அறைக்குத் திரும்பப் போவதில்லை என்றால் அந்தப் பெறுமதிக்குக் காசு கட்டத் தேவையில்லை.

மூன்று, சாப்பாட்டுத் திட்டத்தை எங்கள் தட்டை வைத்துக் கணக்குப் பாருங்கள். ஹலால் பார்த்துச் சாப்பிடுகிற குடும்பம் அந்தப் பட்டியலில் பாதியைத் தொடமாட்டாது. தொடாத சாப்பாட்டுக்கு முற்பணம் எதற்கு? டிஸ்னி வேர்ல்டில் கண்ணாடிப் போத்தல் தவிர்த்து, வீட்டுச் சாப்பாடும் தண்ணீரும் உள்ளே கொண்டுபோக விடுகிறார்கள். விரைவு உணவுக் கடைகளில் கேட்டால் ஒரு கோப்பைத் தண்ணீர் காசில்லாமல் தருவார்கள். மற்றப் பூங்காக்களில் விதி வேறாக இருக்கலாம், டிக்கட் எடுக்கும் முன் பாருங்கள்.

நான்கு, ஹலால் வேண்டும் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். மேசையில் பரிமாறும் உணவகங்களில் இடம் பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். ஹொங்கொங் டிஸ்னிலாண்டிலும் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோவிலும் இன்று ஹலால் சான்று பெற்ற உணவகங்கள் இருக்கின்றன. எங்களைப் போன்ற குடும்பங்கள் வருவதும் கேட்பதும் அங்கே கணக்கில் எடுக்கப்பட்டிருக்கின்றன.

வரலாறு எங்களுக்குக் காட்டுவது இதுதான். தலைக்கு 2 டொலரா என்று கேட்டார் ஒரு தகப்பன், விதி மாறியது. உட்கார்ந்து சாப்பிட ஏன் முடியாது என்று கேட்டார்கள் சிறை சென்றவர்கள், சட்டம் மாறியது. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்தன சில குடும்பங்கள், கம்பனியின் கணக்கே மாறியது. கேட்காத குடும்பத்துக்கு மற்றவர்கள் போட்ட கணக்குத்தான் மிஞ்சும்.

நேற்று மச்சானிடமிருந்து செய்தி வந்தது. கிசிமியில் சமையலறையோடு ஒரு வீடு பார்த்துவிட்டார்களாம். காலைச் சாப்பாடும் இராச் சாப்பாடும் வீட்டில், பூங்காவுக்குள் பிள்ளைகளின் ஆசைக்கு ஒரே ஒரு நேரம் மேசையில் உட்கார்ந்து. எல்லோரும் விலையையும் தூரத்தையும் பேசி முடித்த பிறகு உம்மா ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

"மகன், அங்க வெள்ளன எழும்பி ஒரு பிளேன்டீ ஊத்த ஏலுமா?"

ஏலும் உம்மா. அதைத்தான் எல்லாவற்றுக்கும் முதலில் கேட்டிருக்க வேண்டும்.